காதுக்கல்

அல் கோர் மீன் சந்தையில் பதினான்காம் மேடை என்னுடையது.
செதில் உரித்து, செவுள் பிடுங்கி, கிலோவுக்கு இரண்டு ரியால்.
ஹமூர் தேடி வருவார்கள், ஷேரி தேடி வருவார்கள்.
தலை மட்டும் போதும் என்று வந்தது நூஃப் ஒருத்திதான்.

நுவைபி வேண்டும், விரல் நீளம் முதல் முழங்கை நீளம் வரை,
உடம்பை நீங்களே சமைத்துக்கொள்ளுங்கள் என்று
முழு மீனுக்குக் காசு எண்ணி வைத்தாள்.
பூனை வளர்க்கிறாள் என்றான் ஷஃபீகுல்.

நுவைபி என்றால் நம்ம பன்னா.
கத்துகிற மீன்.
மண்டைக்குள் இரண்டு கல் இருக்கும்,
குழம்பில் கடிபட்டால் துப்புவோம்.
அதைச் சொல்ல அரபி போதவில்லை.
கத்தியின் பின்பக்கத்தால் ஒரு தட்டு தட்டி
வெள்ளையாய் இரண்டையும் மேடையில் உருட்டிவிட்டேன்.

அவள் பேச்சு நின்றுபோனது.
பிறகு பையிலிருந்து ஒரு மாத்திரை டப்பா,
டப்பாவில் பஞ்சு, பஞ்சில்
ஓரம் உடைந்த பழுப்புக் கல்.

துகான் சாலைக்கு வெட்டிப் போட்ட களிமண்
பதினோரு மூட்டை சலித்ததில் இது ஒன்று.
முள் கிடைக்கவில்லை, பல் கிடைக்கவில்லை.
அந்த மீனில் மிச்சம் அதன் வலது காதுதான்.
எத்தனை வருடம் என்றேன்.
நாலு கோடி என்றாள்.
எனக்குத் தெரிந்த பெரிய தொகை
ஏஜென்ட்டிடம் கட்டிய ஒன்றே கால் லட்சம்.
அதற்கு மேல் கணக்கு ஓடவில்லை.

கல்லை வாங்கிக் கட்டைவிரலால் தடவினேன்.
பன்னாக் கல்லின் உள்பக்கம்
ஒரு தலைப்பிரட்டை படுத்திருக்கும்:
அகலத் தலை, கீழே மடங்கிய வால்.
இதில் வால் மடங்கவில்லை,
ஈர்க்குச்சி போல நேராகப் போய் நின்றது.
இது பன்னா இல்லை மேடம்.
பன்னாவின் சித்தப்பா மகனாக இருக்கலாம்.
பாதி இந்தி, பாதி அரபி, மீதி விரலால்.

அதைத்தானே ஆறு மாதமாக
மூன்று நாட்டுக்காரர்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்று
சத்தமாகச் சிரித்தாள்.
பக்கத்து மேடை மலையாளி திரும்பிப் பார்த்தான்.

அடுத்த மாதம் போனில் ஒரு படம் காட்டினாள்.
கல்லில் சீவிய மெல்லிய தகடு,
வெட்டின வெங்காயம் போல வளையத்துக்குள் வளையம்.
நாளுக்கு ஒன்றாம்.
தின்ற நாள் தடிமன், பட்டினி நாள் மெல்லிசு.
நடுவில் ஒரு வெள்ளைக் கோடு.
அதுவரைக்கும் நல்ல தண்ணீர், அதற்கப்புறம் உப்பு.
குஞ்சாக இருந்தபோது ஆற்று வாயில் கிடந்திருக்கிறது.

ஆறா?

ஆறுதான்.
அகலமாக, கலங்கலாக,
துகானுக்கு இந்தப் பக்கம் கடலில் விழுந்திருக்கிறது.

வெளியே வண்டி நிறுத்துமிடத்தைப் பார்த்தேன்.
நாற்பத்தாறு டிகிரி.
தார் மினுங்கியதைத் தவிர
தண்ணீர் என்று சொல்ல ஒன்றும் இல்லை.
ஒரு ஆற்றுக்குச் சாட்சி சொல்ல
ஒரு மீன் வந்திருக்கிறது,
அதுவும் காதை மட்டும் அனுப்பி.

புது இனம் என்று எழுதி அச்சாகிவிட்டது.
பெயர் லத்தீனில், என் நாக்குக்கு அடங்கவில்லை.
அர்த்தம் கேட்டேன்.
நேர்வால் என்றாள்.
நான் மீனை எடை போட்டுக்கொண்டிருந்தேன்,
ஐம்பது கிராம் கூடப் போட்டுவிட்டேன்.

ஒற்றைக் கல்லை வைத்து ஒரு இனமா என்று
சிலர் இன்னும் ஒப்பவில்லையாம்.
மீனுக்குக் காது இரண்டு.
இடது கிடைத்தால் வாயடைப்பார்கள்.

வெள்ளிக்கிழமை கம்பெனி பஸ் துகான் சாலையில் போனது.
எல்லோரும் தூக்கம்.
நான் ஜன்னலோரம், கீழே பார்த்தபடி.
எந்த இடத்தில் வெட்டினார்கள் என்று கேட்க மறந்திருந்தேன்.
இடது காது எங்கள் டயருக்குக் கீழேயும் இருக்கலாம்,
சாலைக்காரன் கொட்டிய மேட்டிலும் இருக்கலாம்.

தண்ணீர் லாரி ஒன்று முந்திப் போனது.
குழாய் சரியாக மூடவில்லை.
கண்ணுக்கெட்டியவரை சாலையில்
விரல் அகலத்தில் ஒரு ஈரக் கோடு.
நாங்கள் போய்ச் சேருமுன்
முன்பாதி காய்ந்துவிட்டது.